பழையகாயல் விலக்கு

பழையகாயலுக்கு ரோடு பிரிகிற விலக்கில் நான் சைக்கிளை விட்டு இறங்கியபோது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். காலையில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும்போதுதான் அந்தக் காற்று முகத்தில் அறைந்தது. ஆத்தூர்ப் பாலத்தின் மேல் ஒரு மிதிக்கு ஒரு முழம் நகர்வதே பெரும்பாடாக இருந்தது. அதையெல்லாம் தாண்டிப் போய், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கடலில் கால் நனைத்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்று, திரும்பி வரும் வழியில், காற்றே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில், ஊருக்கு இன்னும் ஒன்பது மைல் இருக்கும்போது நான் இறங்கிவிட்டேன். உடைமரத்தின் கீழே இருந்த மைல்கல்லில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். எழுபத்தேழாம் வருஷம், ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினெட்டு வயது.

பின்னால் வந்த பிளாரன்ஸ் சறுக்கிக்கொண்டு நின்றாள். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை அவளுக்கு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

"ஏளா வடிவு, என்ன செய்யுது ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"போன்னா எப்படிப் போவேன்? இன்னும் ஒரு மணி நேரத்துல ஊரு. எந்திரி."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் பாவாடையை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தாவணி. போட்டோ எடுப்பதற்காக எங்கள் எல்லாருக்கும் புதிதாக எடுத்துக் கொடுத்த யூனிபார்ம். பிளாரன்ஸ் வெயிலுக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

"நாளு முந்திட்டு," என்றேன். "இன்னும் ஆறு நாளு கெடக்கு."

"அதுக்குக் கணக்குத் தெரியுமாக்கும்," என்றாள் அவள்.

அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். எங்கள் சைக்கிள் கழகத்துச் செயலாளர் பர்னபாஸ் அண்ணன், ஸ்டாண்டு போடக்கூட மறந்து, சைக்கிளை ரோட்டிலேயே படுக்கப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கூடவே தலைவர் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஜவுளிக்கடை வேனும் வந்து நின்றது. அண்ணாச்சி நல்ல மனுஷர். இறங்கி வந்து, குனிந்து, என் அப்பா மாதிரிப் பேசினார். "களைச்சுப் போயிட்டு, பாவம். வெயிலு என்னா வெயிலு! இந்தாம்மா, கலர் குடி." ஒருவர் குடை பிடித்தார். இன்னொருவர், "உப்புச் சொமக்குற பிள்ளையாச்சே, தெம்பா இருக்கும்னுல்லா நெனைச்சோம்," என்று வருத்தப்பட்டார். யாராவது திட்டியிருந்தால்கூட நான் எழுந்து ஓட்டியிருப்பேனோ என்னவோ. எல்லாரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். பிளாரன்ஸ் பின்னால் மறைத்துக்கொண்டு நடக்க, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினேன். என் சைக்கிளைத் தூக்கி மேலே கட்டினார்கள். பின்பக்கக் கண்ணாடி வழியாக, கூட வந்த மற்ற ஐந்து பேரும் காற்றோடு பறந்து வருவது தெரிந்தது. அவர்கள் சிறிதாகிச் சிறிதாகி உப்பு அம்பாரங்களுக்கிடையில் மறைந்துபோனார்கள்.

அந்தச் சைக்கிள் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

விடிவெள்ளி சைக்கிள் கழகம் என்று ஊரில் ஒன்று இருந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்ப்பவர்கள், மில்லில் மேஸ்திரி, இரண்டு வாத்தியார்கள் என்று பதினெட்டு ஆண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலங்குறிச்சி, சாயர்புரம் என்று சேர்ந்து ஓட்டிக்கொண்டு போய் வருவார்கள். நாங்கள் உப்பளத்துக்கு நடந்து போகும்போது மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார்கள். எங்களுக்கு அது வேறு யாருடைய உலகமோ.

ஊரில் பிலோமினா அம்மா என்று ஒருவர் இருந்தார். தோணிக்காரம்மா என்றால்தான் தெரியும். புருஷன் போன பிறகு மூன்று தோணிகளை அவர்தான் கொழும்புக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாள் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆறு லேடீஸ் சைக்கிள் புதிதாக வாங்கித் தருகிறேன். வருஷா வருஷம் டயர், ட்யூப், கொட்டகை வாடகை எல்லாம் என் பொறுப்பு. ஆனால் அந்த ஆறையும் ஓட்டுகிறவர்கள், வீட்டில் ஒருக்காலும் சைக்கிள் வாங்கித் தர முடியாத இளவட்டங்களாக இருக்க வேண்டும். நான்கு பேராவது பெண்பிள்ளைகள். ஆறு பேரும் ஒரு முறை திருச்செந்தூருக்குப் போய்த் திரும்ப வேண்டும், மற்ற அங்கத்தினர்களைப் போலவே, முழுதும் மிதித்து. ஒருவர் குறைந்தாலும் சைக்கிள்கள் திரும்பி வந்துவிட வேண்டும்.

"அம்மா வெவரமான ஆளு," என்று பர்னபாஸ் அண்ணன் பின்னால் சொன்னார். "இல்லன்னா நாங்க போட்டோவுக்கு ஒங்கள நிப்பாட்டிட்டு சைக்கிள மூலையில சாத்தியிருப்போம்லா."

ஆள் பிடிக்க அவர்தான் உப்பளத்துக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பாலீஷ் போட்ட ஷூவோடு பாத்தி வரப்பில் நடந்துவந்து, உப்புப் படிந்து வெளுத்த ஷூவைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். பெண்கள் உப்பு இழுக்கிற வாரு பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஐயா, எங்களுக்கு சேலைக்குள்ள சைக்கிளு எப்படிய்யா போவும்?" என்றாள் ஒருத்தி. சிரிக்காதவள் என் அம்மா மட்டும்தான். அவள் பெயர் செல்லத்தாய். இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்று உள்ளங்கால் முழுக்க வெடித்திருந்தது. நாங்கள் இருந்த கிருஷ்ணராஜபுரத்திலிருந்து உப்பளத்துக்கு நான்கு மைல். அந்த நான்கு மைலை அவள் எப்படி நடந்தாள் என்பதை நான் பின்னால் நடந்துவந்து பார்த்திருக்கிறேன்.

"சைக்கிள்ல பின்னால ஆளு வெச்சு ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா ஓட்டலாம்."

"அப்ப எம்மவ பேர எழுதிக்கிடுங்க. அருணாசலவடிவு."

என்னை அவள் கேட்கவே இல்லை.

கழகக் கொட்டகைக்கு முன்னால் இருந்த மணல் மைதானத்தில் கற்றுக்கொண்டோம். பெண்பிள்ளைகளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது சரியில்லை என்று பர்னபாஸ் அண்ணனுக்குச் சங்கடம். அதனால் ஒரு நீளத் துண்டைக் கேரியரில் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி தள்ளி ஓடிவருவார். விழும்போது துண்டு அவர் கையோடு வந்துவிடும். நாங்கள் மட்டும் கீழே கிடப்போம். தாவணி செயினில் மாட்டும். முட்டி பெயரும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "ஏலே, ஓடுங்கலே, பொம்பள சைக்கிள் வருது!" என்று சிதறி ஓடுவார்கள். பிளாரன்ஸ் மூன்றாம் நாளே ஓட்டிவிட்டாள். எனக்குப் பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் துண்டு கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டே கொட்டகையைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. அப்படி ஒரு தனிமையை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை. பயமாக இல்லை. வாயைத் திறந்து காற்றை விழுங்கினேன். இப்போது அறுபது வயதைத் தாண்டியும், எதற்காவது மனசு நிறைந்துபோனால் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

அதற்கப்புறம் ஆறு மாதம், விடிகாலையில் என் அம்மாவைக் கேரியரில் வைத்து உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று என் இடுப்பை நெரித்துவிட்டாள். பத்து நாளில் பழகிவிட்டது. நடந்து போகிற பெண்களைத் தாண்டும்போது, "கொஞ்சம் மெதுவாப் போளா, பேசிக்கிட்டுப் போவோம்," என்பாள். மணியடிக்கச் சொல்லுவாள். அவளுடைய காலில் வெடிப்பு ஆறவில்லைதான். ஆனால் இராத்திரி சோறு பொங்கும்போது நின்றுகொண்டே பொங்கினாள். அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்துதான் எல்லாம் செய்வாள்.

இதையெல்லாம்தான் நான் வேனில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே கொட்டகையில் பேச்சு ஆகிவிட்டது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி கோபப்படவில்லை. "அஞ்சு பேரு முடிச்சிருக்காவ, அதுவே பெரிசு. ஆனா நிபந்தனைன்னு ஒண்ணு இருக்குல்லா. பொம்பளப் பிள்ளையள இப்படி வெயில்ல போட்டு வாட்டுறது எனக்கு மொதல்லயே சம்மதமில்ல. மாசக் கடைசியில சைக்கிளத் திருப்பிக் குடுத்திருவோம்," என்றாராம். போட்டோவில் நான் இல்லை. பிறகு அதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து சைக்கிள், ஐந்து பேர், வலது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

புதன்கிழமை பர்னபாஸ் அண்ணன் உப்பளத்துக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பு போட்டிருந்தார். பையில் இருந்து கடிதத் தாளை எடுத்தார்.

"வடிவு, தோணிக்காரம்மாவுக்கு எழுதணும். நான் ஆறு பேரும் முடிச்சாவன்னே எழுதிருதேன். தலைவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஒம்பது மைலுதான? அதுவும் காத்து தள்ளுற பக்கம். நீ ஓட்டுன மாதிரிதான்."

எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. வரப்பில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளையும், அதற்கு அப்பால் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த என் அம்மாவின் காலையும் பார்த்தேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"களைப்பு யாருக்கும் வாரதுதான். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

களைப்பு. அந்தச் சொல்தான் என்னைத் தடுத்தது. ஆறு பேர் என்று அவர் எழுதிக் கொடுத்தால், நான் களைத்து இறங்கினேன் என்பது எங்கள் இருவருக்கும் இடையில் உண்மையாக நின்றுவிடும். காலம் முழுக்க நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் களைக்கவில்லை. இன்னும் ஒன்பது மைல் இல்லை, தொண்ணூறு மைல் ஓட்டியிருப்பேன். அதை அவரிடம் சொல்ல என்னால் முடியாது. சொல்வதற்கு எங்களிடம் வார்த்தை இருந்தது. ஆனால் அது பெண்கள் பெண்களிடம் மட்டும் சொல்கிற வார்த்தை.

"எழுதாதிய அண்ணே," என்றேன். "நானே போயி அம்மாகிட்ட சொல்லுதேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அம்மா கோவக்காரவ," என்று மட்டும் சொன்னார்.

பிலோமினா அம்மாவின் வீடு பெரிய மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. ரோட்டைப் பார்த்து ஒரு கதவு. உள்ளே போனால் நீண்ட முற்றம். பாய்மரத் துணிகள் மடித்துக் கிடந்தன. கயிற்று வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடித்தது. அம்மா வெள்ளைச் சேலையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "என்ன சங்கதி?" என்றார்.

"நான் அருணாசலவடிவு. சைக்கிள் ஓட்டுத பிள்ள. பழையகாயல் விலக்குல எறங்குனது நான்தான்."

இப்போது நிமிர்ந்தார். "செயலாளர் லெட்டர் இன்னும் வரலியே."

"அவுக ஆறுன்னு எழுதுதேன்னாக. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

உள்ளே ஓர் ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன். "தூரமாயிட்டேன்மா. வெள்ளப் பாவாட. முன்னாலயும் பின்னாலயும் ஆம்பளய."

அம்மா பேனாவை வைத்தார். இரக்கப்பட்டு, போகட்டும் பிள்ள என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் வரவில்லை.

"வெள்ளையில யூனிபார்ம் எடுத்தது யாரு?"

"தலைவரு கடையில."

"ஆம்பளய," என்றார். பிறகு, "அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நிபந்தன நிபந்தனதான். ஒனக்காவ ஒரு தரம் வளைச்சா, நாளைக்கு அவனுவ வளைச்சுக்கிடுவானுவ. ஆறு பேரும் மிதிக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிம்மா," என்று திரும்பினேன்.

"நில்லு." மேஜை இழுப்பறையைத் திறந்து தன் கடிதத்தின் நகலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார். "ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும்னு எழுதியிருக்கேன். எல்லாரும் ஒரே நாளு போவணும்னு எங்கன எழுதியிருக்கேன்? ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக்கூட்டிப் படிப்பேன்."

"அப்ப படி."

படித்தேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆடி பிறந்துவிட்டது. காற்று இன்னும் கூடியிருந்தது. பிளாரன்ஸ் என்னோடு வந்தாள். அவள் ஒரு முறை முடித்தவள். வர வேண்டிய அவசியமே இல்லை. "கம்பெனில ஒரு வாரமா குத்தவெச்சு இறால் உரிக்கேன். காலு நீட்டுனாப் போதும் எனக்கு," என்றாள். பர்னபாஸ் அண்ணன் சாட்சிக்காக நூறு கஜம் பின்னால் வந்தார். வேன் இல்லை, போட்டோக்காரர் இல்லை. நான் உப்பளத்துக்குக் கட்டுகிற ஊதாப் பாவாடையைக் கட்டியிருந்தேன்.

போகும்போது மண் கண்ணை அடைத்தது. முக்காணியில் ஒரு தடவை இறங்கித் தண்ணீர் குடித்தோம். ஆத்தூர்க் கொடிக்கால்களுக்குள் நுழைந்ததும் வெற்றிலை வாசனையோடு காற்று கொஞ்சம் தணிந்தது. ஆறுமுகநேரியில் மறுபடியும் வந்து அறைந்தது. பிளாரன்ஸ் மாதா பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தாள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. இரண்டாவது மைலில் தெரிந்துவிட்டது. திருச்செந்தூரில் கடலைத் தொட்டுவிட்டு உடனே திரும்பினோம். திரும்பும்போது நாங்கள் மிதிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். காற்று எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. பழையகாயல் விலக்கு வந்தது. அந்த உடைமரமும் மைல்கல்லும் ஒரு நொடி பக்கத்தில் வந்து, பின்னால் போயின. அதைப் பார்த்து ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வெறும் கல். முள்ளக்காட்டில் பர்னபாஸ் அண்ணன் முதல்முறையாக எங்களை எட்டிப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ அன்னைக்குக் களைச்சு எறங்கல, என்ன?" என்றார். பிளாரன்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்து, "இப்பமாவது தெரிஞ்சுதே," என்றாள். அவர் மறுபடியும் பின்னால் போய்விட்டார்.

மந்திரமூர்த்தி அண்ணாச்சி திங்கட்கிழமை கடையில் இருந்தபடியே, "ஆறுன்னு எழுதிக்கிடுங்க," என்றார். அடுத்த வருஷம் யூனிபார்ம் கருநீலத்தில் எடுத்தார். யார் சொன்னார்களோ, அவர் ஏன் என்று கேட்கவில்லையாம். கழகம் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நடந்தது. பதினெட்டு ஆண்கள் இருந்த இடத்தில் ஒரு சமயம் நாற்பத்தோரு பேர் இருந்தோம். அதில் பாதி உப்பளமும் மீன் கம்பெனியும்தான். பிறகு துறைமுகம் பெரிசாகி, கொட்டகை இருந்த இடத்தில் லாரி நிறுத்த இடம் கேட்டார்கள். எல்லாரும் ஒவ்வொரு திசைக்குப் போனோம். இப்போது அந்த ரோட்டில் நின்று பார்த்தால், எங்கே மைதானம், எங்கே ஐஸ் கம்பெனி என்று என்னாலேயே சரியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் அப்படியே இருக்கிறது. உப்பளத்திலிருந்து நேராகப் பிலோமினா அம்மா வீட்டுக்குப் போனேன். சைக்கிளை உள்முற்றத்துக்கே கொண்டுவரச் சொன்னார். "முடிச்சிட்டேன்மா," என்றேன். "தெரியும்," என்றார். எழுந்து, மேஜையைப் பிடித்துப் பிடித்து வந்தார். அவருக்கு முட்டி அவ்வளவு மோசம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஹேண்டில்பாரைத் தொட்டார். பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் அமுக்குகிற மாதிரி இருந்தது அது.

"கொழும்புல, கொட்டாஞ்சேனையில ஓட்டுனப்ப, எனக்குப் பதினாலு வயசு," என்றார். "அப்புறம் இங்கன கெட்டிக் குடுத்துட்டாவ."

சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி, கன்றுக்குட்டியை நடத்துகிற மாதிரி முற்றத்தில் நடத்திக்கொண்டு போனார். சுருட்டிக் கிடந்த கயிறுகளைச் சுற்றி, பாய்மரத் துணிகளைச் சுற்றி ஒரு வட்டம். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலைப் பெடலில் வைத்தார். வலது கால் தரையிலேயே இருந்தது. ஏறவும் இல்லை, காலை எடுக்கவும் இல்லை. மதிலைத் தாண்டி வந்த கச்சான் அந்த வெள்ளைச் சேலையைப் பின்னாலிருந்து பிடித்து உப்ப வைத்தது. நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ளவா, அப்படியே நிற்கவா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.